டோஸ்டருக்குள் இறங்கும் தின்பண்டமும் தலையில் கொட்டும் மயோனைஸும்: பவுல் சீசனுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் டிசம்பர் பாதியைத் தாண்டியதும் டிவியில் ஒரு விநோதம் தொடங்கும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குப் போட்டாலும், நாம் பெயரே கேள்விப்படாத இரண்டு காலேஜ்கள் பாதி காலியான மைதானத்தில் ஃபுட்பால் (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்க ஆட்டம்) ஆடிக்கொண்டிருக்கும். ஓரத்தில் ஆளுயர உருளைக்கிழங்கு ஒன்று ஆட்டம் போடும். படிக்கவோ வேலைக்கோ புதிதாக வந்தவர்கள், ஏதோ இறுதிச்சுற்று போலிருக்கிறது என்று மரியாதையாக உட்கார்ந்து பார்ப்பார்கள். அவ்வளவு மரியாதை தேவையில்லை.

இதுதான் பவுல் சீசன். பவுல் என்றால் இரண்டு காலேஜ் அணிகள் மோதும் தனி ஆட்டம், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஊர், ஒரு பெயர். வழக்கமான ஆட்டங்கள் எல்லாம் முடிந்த பிறகு, டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை நாற்பதுக்குக் கிட்டத்தட்ட ஆட்டங்கள். அதில் சாம்பியன் பட்டத்தோடு சம்பந்தம் உள்ளவை கைவிரலுக்குள் அடங்கும். மற்றதில் ஜெயித்தாலும் மேலே போக முடியாது, தோற்றாலும் எதையும் இழக்கப் போவதில்லை. அந்த மற்றதுதான் பார்க்கச் சிறந்தது என்பது என் கட்சி. எதற்கும் உதவாத ஆட்டத்தில் பயிற்சியாளருக்குத் தைரியம் வந்துவிடும், பையன்கள் சிரித்துக்கொண்டே ஆடுவார்கள், ஸ்பான்சர்களுக்குக் கூச்சம் போய்விடும்.

முதல் படி: விதிகளுக்குப் பத்து நிமிஷம் போதும்

பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறிவிட்டால் மறுபடி நான்கு. எதிராளியின் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி. அதற்குப் பிறகு பந்தை உதைத்து 1 புள்ளி சேர்க்கலாம். துணிச்சல் இருந்தால் உதைக்காமல் இன்னொரு முறை ஆடி 2 எடுக்கலாம். தூரத்திலிருந்தே கம்பங்களுக்கு நடுவில் உதைத்தால் 3. மொத்த ஆட்ட நேரம் 60 நிமிஷம்தான், ஆனால் விளம்பரமெல்லாம் சேர்த்து மூன்றரை மணி நேரம் ஆகும். அந்த ‘1ஆ 2ஆ’ கணக்கை மட்டும் மறக்காதீர்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இரண்டாவது: யாருக்கெல்லாம் இடம் கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு அணி வருஷத்துக்கு 12 ஆட்டம் ஆடும். 6 ஜெயித்தால் பவுலுக்குத் தகுதி. அதாவது பாதிக்குப் பாதி தோற்றவர்களுக்கும் பரிசாக ஒரு பயணம் உண்டு. பவுல்கள் அதிகமாகி, தகுதியான அணிகள் போதாமல் போகிற வருஷமும் வரும். அப்போது 5 ஜெயித்து 7 தோற்ற அணிகளைக் கூப்பிடுவார்கள். எப்படித் தேர்ந்தெடுப்பார்கள்? மாணவர்களின் படிப்பு மதிப்பெண் பார்த்து. ஆட்டத்தில் ஃபெயில், படிப்பில் பாஸ். 2015 சீசனில் இப்படி நெப்ராஸ்கா, மின்னசோட்டா, சான் ஹோசே ஸ்டேட் என்று மூன்று அணிகள் வந்தன. மூன்றுமே ஜெயித்துவிட்டுப் போயின.

பட்டத்துக்கான போட்டி தனி. 2014 சீசனில் 4 அணிகளோடு தொடங்கிய பிளேஆஃப், 2024இல் 12 ஆனது. ரோஸ், சுகர், ஆரஞ்ச், காட்டன், ஃபியஸ்டா, பீச் என்ற ஆறு பெரிய பவுல்களும் அதன் கால் இறுதி, அரை இறுதி ஆட்டங்களாக மாறிவிட்டன. அவை நல்ல ஆட்டங்கள்தான். அவற்றைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நாம் சின்னதுகளுக்குப் போவோம்.

மூன்றாவது: பெயரைப் பார்த்து மிரளாதீர்கள்

நம் ஊர்க் கோயில் ட்யூப்லைட்டில் வெளிச்சம் வெளியே வராத அளவுக்கு ‘உபயம்’ எழுதி வைத்திருப்பார்களே, பவுல்களின் பெயரும் அதே ஜாதி. டோனி தி டைகர் சன் பவுல், சீஸ்-இட் சிட்ரஸ் பவுல் என்று முன்னால் ஒரு தின்பண்டமோ கம்பெனியோ நின்றுகொண்டிருக்கும். 1990களில் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் நடக்கும் இண்டிபெண்டன்ஸ் பவுலுக்குக் களை வெட்டும் மெஷின் கம்பெனி ஒன்று உபயதாரர். பூலன் வீட்-ஈட்டர் இண்டிபெண்டன்ஸ் பவுல் என்று அறிவிப்பாளர்கள் முகத்தை மாற்றாமல் சொல்லுவார்கள். இன்றுவரை பவுல் ஜோக் என்றால் அதுதான் முதலில் வரும்.

ஸ்பான்சர் மாறிக்கொண்டே இருப்பதால் பழைய முடிவுகளைத் தேடும்போது குழப்பம் வரும். 1990இல் வீடியோ கேசட் வாடகைக் கடையான பிளாக்பஸ்டரின் பெயரில் மயாமியில் ஒரு பவுல் பிறந்தது. பிறகு கார் உதிரிபாகக் கம்பெனி, கம்ப்யூட்டர் கம்பெனி, ஸ்போர்ட்ஸ் ஷூ கடை, கேம்பிங் வண்டி வியாபாரி என்று பல கை மாறி, ஊரும் ஆர்லாண்டோவாக மாறி, இன்று பாப் டார்ட்ஸ் பவுல் என்று நிற்கிறது. எனவே ஸ்பான்சரைப் பிடித்துக்கொள்ள வேண்டாம், ஊரைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாய்சி என்றால் நீல நிறப் புல், எல் பாசோ என்றால் சன் பவுல், நியூயார்க் என்றால் யாங்கி ஸ்டேடியத்தின் குளிர்.

இத்தனை எதற்கு என்று கேட்பீர்கள். டிவிக்குத்தான். டிசம்பர் கடைசியில் ஜனம் வீட்டில் சும்மா இருக்கிறது, நேரலை விளையாட்டு என்றால் எதுவாக இருந்தாலும் பார்க்கிறது. பல பவுல்களுக்குச் சொந்தக்காரரே ஈஎஸ்பிஎன் டிவிதான். மைதானத்தில் ஆள் இல்லாவிட்டாலும் அவர்களுக்கு நஷ்டமில்லை.

நான்காவது: சாப்பாட்டு பவுல்களில் ஆரம்பியுங்கள்

புதியவர்களுக்கு என் சிபாரிசு ஆர்லாண்டோவின் பாப் டார்ட்ஸ் பவுல். பாப் டார்ட்ஸ் என்பது உள்ளே ஜாம் வைத்து, மேலே சர்க்கரைப் பூச்சு பூசிய, டோஸ்டரில் சூடு பண்ணித் தின்கிற ஒரு வஸ்து. 2023 டிசம்பர் 28இல் அந்தப் பெயரில் நடந்த முதல் ஆட்டத்தில் கேன்சஸ் ஸ்டேட் 28–19 என்று நார்த் கரோலினா ஸ்டேட்டை ஜெயித்தது. ஸ்கோர் யாருக்கும் நினைவில்லை. ஸ்ட்ராபெரி பாப் டார்ட் வேஷம் கட்டிய ஒரு ஆசாமி ஆட்டம் முழுக்கத் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் ஒரு ராட்சச டோஸ்டரின் மேல் ஏறி நின்றார். கையில் ‘கனவுகள் நிஜமாகவே நனவாகும்’ என்று ஒரு அட்டை. அதைத் தூக்கி வீசிவிட்டு, கையசைத்தபடி மெல்ல உள்ளே இறங்கினார். சிறிது நேரத்தில் கீழே இருந்த திறப்பின் வழியாக, அதே முகத்தோடு ஒரு பெரிய பண்டம் வெளியே வந்தது. ஜெயித்த பையன்கள் முதலில் கண்ணையும் வாயையும் பிய்த்துத் தின்றார்கள். பயிற்சியாளரும் ஒரு வாய் போட்டுக்கொண்டார். குழந்தைகளோடு பார்க்கிறவர்கள் கேள்விகளுக்குத் தயாராக இருங்கள்.

மறு வருஷம் மூன்று சுவைகளை நிறுத்தி, எதைத் தின்பது என்று ஆட்ட நாயகனையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அயோவா ஸ்டேட் 42–41 என்று மயாமியை ஜெயிக்க, அதன் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) சினமன் ரோலுக்குத் தண்டனை அறிவித்தார். அந்த வருஷக் கோப்பையின் உச்சியில் இருந்த டோஸ்டர் உண்மையாகவே வேலை செய்யும்.

அடுத்தது வட கரோலினாவின் சார்லட்டில் டியூக்ஸ் மேயோ பவுல். அமெரிக்க ஃபுட்பாலில் ஜெயித்த பயிற்சியாளர் தலையில் குளிர்பானத்தைக் கொட்டுவது வழக்கம். இங்கே மயோனைஸ். 2021 டிசம்பரில் சவுத் கரோலினா ஜெயித்தபோது பயிற்சியாளர் ஷேன் பீமர் தொப்பியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மயோனைஸ் கொட்டியது மட்டுமில்லை, அது இருந்த வாளியும் அவர் தலையில் மோதியது. மனுஷன் வழித்துக்கொண்டே சிரித்தார். அதற்கு முந்தைய வருஷம் ஜெயித்த விஸ்கான்சினின் குவார்ட்டர்பேக், உடை மாற்றும் அறையில் கோப்பையோடு ஆடினார். கோப்பையின் மேலிருந்த கண்ணாடிப் பந்து கீழே விழுந்து சுக்குநூறாகியது. இந்த பவுலில் கோப்பைக்கும் பாதுகாப்பில்லை, பயிற்சியாளருக்கும் பாதுகாப்பில்லை.

பாய்சியில் நடக்கும் ஐடஹோ உருளைக்கிழங்கு பவுலில் கொட்டுவது ஃபிரெஞ்சு ஃபிரைஸ். மயோனைஸுக்கு இது எவ்வளவோ மேல்: சட்டையை உதறினால் போதும். அங்கே 1986 முதல் புல் நீல நிறம். முதல் கால்மணி நேரம் டிவி கெட்டுவிட்டதோ என்று தோன்றும், அப்புறம் கண் பழகிவிடும்.

ஆட்டம் மோசமாக இருந்தாலும் சிரிக்கலாம் என்பதற்கு 2018 சீஸ்-இட் பவுல் சாட்சி. ஃபீனிக்ஸில் ஒரு பேஸ்பால் மைதானத்தில் டிசியூ என்கிற டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகமும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் மோதின. எறிந்த பந்தை எதிரணி பிடிப்பது இரண்டு பக்கமும் சேர்த்து 9 முறை நடந்தது. கடைசியில் கூடுதல் நேரத்தில் 10–7. நல்ல ஆட்டங்களை மறந்துபோன ரசிகர்கள் இதை மட்டும் மறக்கவில்லை.

ஐந்தாவது: ஆடப்போவது யார் என்று பாருங்கள்

இதுதான் புதியவர்கள் ஏமாறும் இடம். நவம்பரில் நீங்கள் பார்த்த அணி டிசம்பரில் வராது. நட்சத்திர ஆட்டக்காரர்கள், தொழில்முறை ஃபுட்பால் லீகான என்எஃப்எல்லில் கோடிகள் காத்திருக்கும்போது எதற்கு முழங்காலை உடைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒதுங்கிவிடுவார்கள். 2016 ஜனவரியில் நோட்ர டேமின் ஜெய்லன் ஸ்மித் ஃபியஸ்டா பவுலில் முழங்காலில் பலத்த காயம் பட்டதும், அந்த வருஷக் கடைசியில் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியும் லியனார்ட் ஃபோர்னெட்டும் பவுல் வேண்டாம் என்றதும் இந்தப் பழக்கத்துக்கு ஆரம்பம். வேறு சிலர் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக வேறு காலேஜுக்கே போய்விடுவார்கள். பயிற்சியாளரே வேறு வேலைக்குப் போயிருப்பார். தற்காலிகமாக நிற்கிற உதவிப் பயிற்சியாளருக்குப் பையன்களின் பெயர் தெரிந்திருந்தால் பெரிய விஷயம்.

இதன் உச்சம் 2023 ஆரஞ்ச் பவுல். ஃப்ளோரிடா ஸ்டேட் 13 ஆட்டமும் ஜெயித்தது. ஆனால் குவார்ட்டர்பேக் அடிபட்டுப் போனதால் பிளேஆஃபில் இடம் கொடுக்கவில்லை. கோபத்திலும் சலிப்பிலும் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் விலகிக்கொள்ள, மிச்சமிருந்தவர்கள் ஜார்ஜியாவிடம் 63–3 என்று அடி வாங்கினார்கள். பவுல் வரலாற்றிலேயே பெரிய வித்தியாசம். 2025இல் நோட்ர டேம் ஒருபடி மேலே போய், பிளேஆஃப் இல்லையென்றால் எந்த பவுலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

எனக்கு இதில் பெரிய வருத்தம் இல்லை. வழக்கமாக ஓரத்தில் நிற்கிற மூன்றாவது குவார்ட்டர்பேக் ஒருவன், குடும்பமே கேலரியில் இருக்க, வாழ்நாளில் முதல் தடவையாக முழு ஆட்டம் ஆடுவான். அவன் எறிகிற பந்து எங்கே போகும் என்று அவனுக்கே தெரியாது.

ஆறாவது: ஆபீஸ் போட்டியில் சேருங்கள்

டிசம்பரில் யாராவது ஒருவர் எல்லோருக்கும் மெயில் அனுப்புவார். எல்லா பவுல்களிலும் யார் ஜெயிப்பார் என்று எழுத வேண்டும். கூடவே எவ்வளவு நம்பிக்கை என்று மதிப்பெண்ணும் போட வேண்டும். 40 ஆட்டம் என்றால் மிக நிச்சயமானதற்கு 40, சந்தேகமானதற்கு 1. ஒரு எண்ணை ஒரு முறைதான் பயன்படுத்தலாம்.

அணியின் வெற்றிக் கணக்கை மட்டும் பார்த்துப் போடாதீர்கள். யாருக்கு இந்த ஆட்டத்தில் ஆர்வம் இருக்கிறது என்று பாருங்கள். பத்து வருஷமாக பவுல் பக்கமே வராத சின்ன காலேஜ் உயிரைக் கொடுத்து ஆடும். பிளேஆஃப் கைநழுவிய பெரிய காலேஜ் விமானத்திலிருந்து இறங்கும்போதே தோற்றிருக்கும். மைதானம் யாருடைய ஊருக்குப் பக்கம், குவார்ட்டர்பேக் வருகிறாரா, பயிற்சியாளர் இருக்கிறாரா, இவ்வளவுதான் ஆராய்ச்சி. பெரிய எண்களைக் கடைசி வாரம்வரை பிடித்து வையுங்கள், செய்தி மாறிக்கொண்டே இருக்கும். முதல் ஆட்டத்துக்கு முன்பே எல்லாவற்றையும் பூட்டிவிடுகிற போட்டி என்றால் விதியே என்று போட வேண்டியதுதான். ஊரிலிருந்து அம்மா வந்திருந்த வருஷம் எங்கள் வீட்டில் அவரும் ஒரு சீட்டு எழுதினார். “புலிக்கும் நாய்க்கும் சண்டைன்னா புலிதானே ஜெயிக்கும்?” என்று அணிகளின் செல்லப்பெயரில் வரும் விலங்கைப் பார்த்துப் போடுவது அவருடைய முறை. என்னைவிட முன்னால்தான் முடித்தார்.

ஏழாவது: கடைசிவரை பாருங்கள்

அந்த ‘1ஆ 2ஆ’ கணக்கு இப்போது வருகிறது. 2014 டிசம்பர் 24, பஹாமாஸ் பவுல், நாசோ நகரம். வெஸ்டர்ன் கென்டக்கி கடைசிக் கால் பகுதியில் 49–14 என்று முன்னால். எல்லோரும் டிவியை அணைத்துவிட்டு கிறிஸ்துமஸ் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். சென்ட்ரல் மிச்சிகன் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு டச்டவுன் போட்டு 49–42க்கு வந்தது. ஒரு விநாடிதான் பாக்கி, 75 யார்டு போக வேண்டும். குவார்ட்டர்பேக் பந்தை வானத்தில் எறிந்தார். ஒருவர் பிடித்தார், விழப்போகும்போது பக்கத்து ஆளிடம் தள்ளினார், அவர் இன்னொருவரிடம், அவர் இன்னொருவரிடம், நான்காவது ஆள் ஓரமாக ஓடிப் பாய்ந்து எல்லையைத் தொட்டார். 49–48.

இப்போது 1 எடுத்துச் சமன் செய்யலாம், 2 எடுத்து அங்கேயே ஜெயிக்கலாம். பயிற்சியாளர் 2க்குப் போனார். கிடைக்கவில்லை. தோற்றார்கள். சாம்பியன் ஆட்டத்தில் இப்படிச் செய்திருந்தால் வாழ்நாள் முழுக்கத் திட்டு வாங்கியிருப்பார். பஹாமாஸில் யார் திட்டப் போகிறார்கள்?

எட்டாவது: நேரில் போவதென்றால்

சின்ன பவுல்களுக்கு டிக்கெட்டை முன்கூட்டியே காலேஜ் வழியாக வாங்காதீர்கள். காலேஜ்களுக்கு இத்தனை ஆயிரம் டிக்கெட் என்று தலையில் கட்டிவிடுவார்கள். 2011 ஃபியஸ்டா பவுலுக்குப் போன கனெக்டிகட் பல்கலைக்கழகம், விற்காத டிக்கெட் உட்படப் பத்து லட்சம் டாலருக்கு மேல் இழந்தது. ஆட்டத்துக்கு முந்தைய நாள் மறுவிற்பனையில் பார்த்தால் பார்க்கிங் கட்டணத்தைவிட டிக்கெட் மலிவாக இருப்பது சகஜம். ஆட்டக்காரர்களுக்கு ஆளுக்கு 550 டாலர் வரை பெறுமானமுள்ள பரிசுகள் உண்டு, ஹெட்ஃபோன், கைக்கடிகாரம் என்று. நமக்குத் தொண்டை வலிதான்.

ஒன்பதாவது: ரோஸ் பவுல் அன்று கொஞ்சம் அடக்கம்

பசடீனாவின் ரோஸ் பவுல்தான் எல்லாவற்றுக்கும் மூத்தது. அங்கே கேலி செய்தால் வயதானவர்களுக்குக் கோபம் வரும். ஆனால் அதன் வரலாறு எந்த மயோனைஸுக்கும் குறைந்ததில்லை. 1902இல் நடந்த முதல் ஆட்டத்தில் மிச்சிகன் 49–0 என்று முன்னால் இருந்தபோது, இன்னும் 8 நிமிஷம் இருக்கையிலேயே ஸ்டான்ஃபர்ட் போதும் என்று கும்பிட்டுவிட்டது. அமைப்பாளர்களுக்கு ஃபுட்பாலே வெறுத்துப்போய், அடுத்த வருஷங்களில் ரதப் பந்தயம் வைத்தார்கள். நெருப்புக்கோழிப் பந்தயம் வைத்தார்கள். யானையையும் ஒட்டகத்தையும் ஓடவிட்டார்கள், யானை ஜெயித்தது. ஃபுட்பால் திரும்பியது 1916இல்தான்.

1929இல் கலிஃபோர்னியாவின் ராய் ரீகல்ஸ், எதிரணி நழுவவிட்ட பந்தை எடுத்தார். ஒரு சுற்று திரும்பினார், திசை மாறிவிட்டது. தன் சொந்த எல்லையை நோக்கி 60 யார்டுக்கு மேல் ஓடினார். கூட்டம் கத்தியதை உற்சாகம் என்று நினைத்தாரோ என்னவோ. சொந்த அணிக்காரரே துரத்திப்போய், எல்லைக்குப் பக்கத்தில் அவரைப் பிடித்து நிறுத்தினார். அந்தக் குழப்பத்தில் ஜார்ஜியா டெக்குக்கு 2 புள்ளி கிடைத்தது. ஆட்டம் முடிந்தபோது ஜார்ஜியா டெக் 8–7 என்று ஜெயித்திருந்தது.

1942இல் பேர்ல் ஹார்பர் தாக்குதலால் மேற்குக் கடற்கரையில் கூட்டம் கூடக் கூடாது என்று ஆட்டத்தையே நாட்டின் மறுகோடிக்கு, டியூக் பல்கலைக்கழகத்தின் சொந்த மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். டியூக் சொந்த ஊரிலேயே ஆரிகன் ஸ்டேட்டிடம் 20–16 என்று தோற்றது.

ஊரிலிருந்து பார்க்கிறவர்களுக்கு: பசடீனாவில் ஜனவரி 1 மத்தியானம் ஆட்டம் தொடங்கும்போது சென்னையில் ஜனவரி 2 விடியற்காலை. தேதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜனவரி 1 ஞாயிறாக வந்தால், அன்று காலை நடக்கும் ரோஸ் ஊர்வலமும் ஆட்டமும் திங்கட்கிழமைக்குப் போய்விடும். சர்ச் வாசலில் கட்டியிருக்கும் குதிரைகள் ஊர்வலச் சத்தத்தில் மிரளக் கூடாது என்று 1893இல் போட்ட ஏற்பாடு. குதிரைகள் போய் நூறு வருஷமாகியும் ஏற்பாடு போகவில்லை. 2023இல் இப்படித்தான் 2ஆம் தேதி நடந்தது. ஜனவரி 1 அடுத்து ஞாயிறாக வருவது 2034இல். அன்று வேறு ஏதாவது வேலை வைத்துக்கொள்ளலாம்.